வெளிநாட்டு வகுப்போடு சேர்ந்து வேலை செய்வது: பள்ளிகளின் இணையவழிக் கூட்டுத் திட்டம் என்றால் என்ன?

இரண்டு நாட்டு மாணவர்கள் ஒரு மணி நேரம் காணொலி அழைப்பில் சந்திக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு கொடி, அந்தப் பக்கம் ஒரு கொடி. ஆளுக்கொரு பாட்டு, கொஞ்சம் கையசைப்பு, கடைசியில் ஒரு குழுப்படம். மறுநாள் பள்ளியின் அறிவிப்பில் "சர்வதேச இணையவழிக் கூட்டுத் திட்டம் இனிதே நடந்தேறியது" என்று வருகிறது. இன்னொரு பள்ளியில் மாணவர்கள் வேற்று நாட்டுப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள்; அதற்கும் இதே பெயர். வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் திரையில் வந்து பாடம் நடத்திவிட்டுப் போனால் அதற்கும் இதே பெயர்தான்.

மூன்றும் நல்ல காரியங்கள்தான். ஆனால் மூன்றிலும் கூட்டு வேலை எதுவும் நடக்கவில்லை. பெயரை இப்படித் தாராளமாகப் பயன்படுத்துவதால் ஒரு நஷ்டம் இருக்கிறது. இதை ஒருமுறை செய்து பார்த்த ஆசிரியர்கள், "நேரம்தான் போனது, பிள்ளைகள் பெரிதாக எதுவும் கற்ற மாதிரித் தெரியவில்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையான கூட்டுத் திட்டத்தை அவர்கள் இன்னும் தொடவே இல்லை. அது எப்படி இயங்குகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரு கட்டிலும் இரண்டு பேரும்

இரண்டு பேர் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு ஒரே தெருவில் நடக்கிறார்கள். பேசிக்கொண்டே போகலாம், பேசாமலும் போகலாம். ஒருவர் நின்றுவிட்டாலும் மற்றவர் வீடு போய்ச் சேர்வார். இப்போது அதே இரண்டு பேரும் ஒரு கட்டிலை ஆளுக்கொரு முனையில் தூக்குகிறார்கள். ஒருவர் கையை விட்டால் இரண்டு பேருமே நிற்கவேண்டியதுதான். "கொஞ்சம் மெதுவாக", "வாசல்படி வருகிறது, பார்த்து", "இடது பக்கம் திருப்புங்கள்" என்று பேசியே ஆகவேண்டும். யாரும் அவர்களைப் பேசச் சொல்லவில்லை. வேலைதான் பேச வைக்கிறது.

கூட்டுத் திட்டத்தின் உயிர்நாடி இதுதான். இரு தரப்பில் எவரும் தனியாக முடிக்க முடியாதபடி வேலை அமைந்திருப்பதைக் கல்வி உளவியலில் பரஸ்பரச் சார்பு என்கிறார்கள். உன் பங்கு வராமல் என் பங்கு முழுமையாகாது, என் பங்கு வராமல் உன்னுடையதும் ஆகாது என்ற நிலை அது. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டன் டாய்ச் 1940களின் கடைசியிலேயே, ஒரு குழுவில் ஒத்துழைப்பு நடப்பதா போட்டி நடப்பதா என்பதை இந்தச் சார்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது என்று விளக்கிவிட்டார்.

எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்பு வகுப்பு நாளைக்கே விலகிவிட்டால், நம் பிள்ளைகளின் வேலை நின்றுபோகுமா? "நிற்காது, நாங்கள் பாட்டுக்கு முடித்துவிடுவோம்" என்பது பதிலானால், அங்கே இருப்பது இரண்டு தனித்தனித் திட்டங்கள். நடுவில் ஒரு வாழ்த்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிழலை வைத்துப் பூமியை அளப்பது

சரி, உண்மையில் நின்றுபோகிற வேலை எப்படி இருக்கும்? எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்தைச் சொல்கிறேன். பல நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து செய்துவரும் பழைய சோதனை இது.

2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் எரடோஸ்தனீஸ் என்ற அறிஞர் இருந்தார். தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வானில், கோடையின் மிக நீண்ட பகலன்று நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது அவருக்குத் தெரியும். அதே நாள் நண்பகலில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7 பாகைக்குச் சற்றுக் கூடுதல். சூரியக் கதிர்கள் இரண்டு ஊரிலும் இணையாகவே விழுவதால், இந்தக் கோண வித்தியாசம் பூமியின் வளைவால் மட்டுமே வருவது. அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போல் ஐம்பது மடங்குதான் பூமியின் சுற்றளவு.

இதை இரண்டு வகுப்புகள் சேர்ந்து செய்வதாக வைத்துக்கொள்வோம். தேவையானவை ஒரு நேரான குச்சி, அளவுகோல், பாகைமானி. ஒவ்வொரு வகுப்பும் தன் ஊரில் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் கணத்தில் அதன் நீளத்தை அளக்கிறது. குச்சியையும் நிழலையும் அளவு சுருக்கித் தாளில் முக்கோணமாக வரைந்தால், சூரியக் கதிர் குச்சியோடு சேரும் கோணத்தைப் பாகைமானியிலேயே படித்துவிடலாம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது எட்டும்.

இப்போது நம் வகுப்பின் கையில் ஒரு கோணம் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. தெற்கே இருக்கும் வகுப்பின் கோணமும் வரவேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 10 பாகை, இரு ஊர்களுக்கும் வடக்கு-தெற்குத் தூரம் 1,110 கிலோமீட்டர் என்று வைப்போம். முழு வட்டத்தில் 10 பாகை 36 தடவை அடங்கும். 1,110ஐ 36ஆல் பெருக்கினால் 39,960 கிலோமீட்டர். பூமியின் உண்மையான சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்.

ஆனால் முதல் தடவையிலேயே பிள்ளைகளுக்கு இந்த விடை கிடைப்பது அபூர்வம். ஒரு பாகை பிசகினால் போதும். வித்தியாசம் 9 என்று வந்தால் சுற்றளவு 44,400 ஆகிவிடும். அந்தப் பிழை வரும் இடத்தில்தான் கூட்டு வேலை நிஜமாகவே தொடங்குகிறது. தப்பு எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா? "உங்கள் குச்சி நேராக நின்றதை எப்படிச் சரிபார்த்தீர்கள்? தரை சமமாக இருந்ததா? நிழல் குட்டையான கணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தீர்கள்?" என்று எழுதிக் கேட்கவேண்டி வருகிறது. கேட்பவர்களுக்குத் தங்கள் குச்சியும் சரியாக நின்றதா என்ற சந்தேகம் வருகிறது. அதன் பிறகு எழுதும் ஒவ்வொரு வரியும் துல்லியமாக இருந்தாகவேண்டும், ஏனென்றால் மறுமுனையில் இருக்கும் பிள்ளை அதைப் படித்து அப்படியே செய்து பார்க்கப் போகிறது. ஆசிரியருக்காக எழுதும் கட்டுரையில் இந்தக் கட்டாயம் கிடையாது.

இன்னொரு விஷயம். ஒரு பள்ளி நிலநடுக்கோட்டுக்கு வெகு வடக்கிலும் மற்றது வெகு தெற்கிலும் இருந்தால், நண்பகல் நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழும். அப்போது கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்டவேண்டும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்து மறந்துபோன பிள்ளை, எதிர்த்தரப்பு அனுப்பிய படத்தில் நிழல் தெற்கு நோக்கி நீண்டிருப்பதைப் பார்த்தால் பிறகு மறக்காது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். பேசிக்கொள்வது மட்டும் கூட்டு வேலை ஆகாது. ஒருவரின் வேலைக்கு மற்றவரின் வேலை மூலப்பொருளாக வேண்டும். அப்படி அமைத்துவிட்டால் பேச்சு தானாக வரும், அதுவும் பொருளுள்ள பேச்சாக வரும்.

ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டுமா?

நிழல் சோதனையில் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு வகுப்பும் ஒரே கணத்தில் அளக்கவேண்டிய அவசியம் இல்லை. அவரவர் ஊர் நண்பகலில், ஒரே தேதியில் அளந்தால் போதும்.

வெளிநாட்டுத் திட்டம் என்றதும் பலரும் முதலில் நேரடிக் காணொலியைத்தான் நினைக்கிறார்கள், அப்புறம் நேர வித்தியாசத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். டோக்கியோவுக்கும் பிரேசிலின் சாவோ பாவ்லோவுக்கும் சரியாக 12 மணி நேர இடைவெளி. ஒரு பக்கம் காலை வகுப்பு தொடங்கும்போது மறுபக்கம் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் கல்வியாண்டு. ஜப்பானில் அது ஏப்ரலில் தொடங்குகிறது, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில், ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசியில். ஒரு வகுப்பு உற்சாகமாகத் தொடங்கும் வாரத்தில் மற்ற வகுப்பு ஆண்டுத் தேர்வில் இருக்கும்.

அதனால்தான் நிலைத்து நிற்கும் திட்டங்கள் பெரும்பாலும் நேரம் சாராத தொடர்பில் நடக்கின்றன. ஒருவர் பதிவிட்டு வைப்பதை மற்றவர் தன் வசதிப்படி பார்த்துப் பதில் தரும் முறை அது. மின்னஞ்சல், பகிர்ந்த ஆவணம், ஒலிப்பதிவு எல்லாம் இதில் அடங்கும். இதை நேரடிக் காணொலிக்கு வழியில்லாதவர்களின் மாற்று ஏற்பாடு என்று நினைக்கவேண்டாம். கற்பதற்கு இது பல வகையில் மேல். நேரடி அழைப்பில் சரளமாகப் பேசத் தெரிந்த நாலு பிள்ளைகள் மட்டும் பேசுவார்கள். கூச்சமுள்ளவர்களும் அந்த மொழியில் தடுமாறுபவர்களும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எழுதியனுப்பும் முறையில் ஒரு பிள்ளை மூன்று நாள் யோசித்து, திருத்தி, அகராதி பார்த்து எழுதலாம். இணைப்பு மெதுவாக இருக்கும் பள்ளியும் இதில் பின்தங்காது.

இந்த வழி இணையத்துக்கும் முந்தியது. பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தின் பிரெனே 1920களில் தன் கிராமப் பள்ளியில் ஒரு சின்ன அச்சுப்பொறியை வைத்தார். பிள்ளைகள் தாங்களே எழுதி அச்சடித்ததைத் தொலைவிலுள்ள வேறொரு பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அங்கிருந்தும் அதே போல் வந்தது. 1988இல், பனிப்போர் இன்னும் முடியாத நேரத்தில், நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியே இணைத்தார்கள். அந்த முயற்சிதான் பிறகு ஐஎர்ன் என்ற உலகளாவிய ஆசிரியர் வலையமைப்பாக வளர்ந்தது. 1990இல் நார்வேயில் தொடங்கிய கிட்லிங்க், 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளை மின்னஞ்சலில் இணைத்தது. நான் யார், பெரியவனானால் என்னவாக விரும்புகிறேன், உலகம் எப்படி மேம்பட வேண்டும், அதற்கு இப்போது நான் என்ன செய்யலாம் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதியபின்தான் பிள்ளைகள் உரையாடலில் சேரமுடியும். எல்லாமே வெறும் எழுத்து.

பழகினாலே புரிதல் வந்துவிடுமா?

இந்தத் திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லப்படும் வாக்கியம், "பிள்ளைகள் பிற நாட்டவரோடு பழகினால் தப்பெண்ணங்கள் நீங்கும்" என்பது. இதில் பாதிதான் உண்மை.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் இதைப் பற்றி எழுதினார். வெவ்வேறு கூட்டத்தினர் சும்மா சந்தித்துக்கொள்வதால் மட்டும் தப்பெண்ணம் குறையாது, சில நிபந்தனைகள் வேண்டும் என்றார். இரு தரப்பும் சம நிலையில் இருக்கவேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். அதை ஒத்துழைத்து அடையவேண்டும். பள்ளி போன்ற அமைப்பின் ஆதரவும் இருக்கவேண்டும். பின்னாளில் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பழக்கம் பொதுவாகவே தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருக்கும்போது இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆக நிபந்தனைகள் இல்லாவிட்டால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவை இருந்தால் பயன் நன்றாகவே கூடுகிறது.

பொது இலக்கும் ஒத்துழைப்பும் நாம் மேலே பார்த்தவைதான். அடிக்கடி கோட்டைவிடுவது சம நிலையைத்தான். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஒரு வகுப்பு கொடுப்பவராகவும் மறு வகுப்பு வாங்குபவராகவும் அமைந்த திட்டத்தைக் கூட்டுத் திட்டம் என்று அழைக்கவே கூடாது. வசதியுள்ள நாட்டுப் பிள்ளைகள் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு "உதவும்" திட்டத்தில், ஒரு பக்கம் இரக்கத்தைக் கற்கிறது, மறுபக்கம் நன்றி சொல்லக் கற்கிறது. தப்பெண்ணம் அப்படியே இருக்கிறது, இன்னும் கெட்டியாகக்கூட ஆகலாம். மொழியிலும் இதே கதை நடக்கும். ஆங்கிலம் தாய்மொழியான வகுப்பும் அதை இரண்டாம் மொழியாகக் கற்கும் வகுப்பும் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே ஒருவர் திருத்துபவராகவும் மற்றவர் திருத்தப்படுபவராகவும் ஆகிவிடுவார்கள்.

இதற்கு மருந்து வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. நிழலின் நீளத்துக்குத் தாய்மொழி கிடையாது. அளவுகள், வரைபடங்கள், படங்கள், ஒலிகள் ஆகியவற்றை மையமாக வைத்த திட்டத்தில் மொழித் திறன் தானாகவே பின்னுக்குப் போகிறது. எழுத்து தேவைப்படும் இடத்தில் அவரவர் மொழியிலேயே எழுதி, இயந்திர மொழிபெயர்ப்போடு அனுப்பலாம். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் இரு தரப்பும் சமமாகத்தான் குழம்புவார்கள், சேர்ந்துதான் அவிழ்ப்பார்கள்.

பெரிய வலையமைப்புகள் இதை எப்படி அமைக்கின்றன

மூன்று வகைகளைப் பார்த்தால் போதும்.

முதலாவது, எல்லோரும் ஒரே முறையில் அளந்து ஒரே இடத்தில் சேர்ப்பது. 1995இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கும் குளோப் திட்டம் இந்த வகை. மாணவர்கள் வெப்பநிலை, மழை, மேகம், மண் எல்லாவற்றையும் கவனித்துப் பொதுத் தரவுத்தளத்தில் பதிகிறார்கள். வெப்பநிலை, மேகம் போன்றவற்றைச் சூரிய நண்பகலுக்கு, அதாவது நிழல் மிகக் குட்டையாகும் கணத்துக்கு, ஒரு மணி நேரம் முன்பின்னாக எடுக்கவேண்டும் என்பது போன்ற கறாரான விதிகள் உண்டு; அப்படி இருந்தால்தான் ஒரு நாட்டு அளவை இன்னொரு நாட்டு அளவோடு ஒப்பிட முடியும். என் பார்வையில் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. தரவைப் பதிந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் வகுப்பு யாரோடும் கூட்டு சேரவில்லை. "எங்கள் ஊரில் மேகம் கூடும் மாதத்தில் அவர்கள் ஊரில் என்ன ஆகிறது?" என்ற கேள்வியோடு மற்றவரின் தரவைத் திறக்கும்போதுதான் கூட்டு தொடங்குகிறது.

இரண்டாவது, கற்றல் வட்டம். அமெரிக்கக் கல்வியாளர் மார்கரெட் ரீல் உருவாக்கிய இந்த முறையை ஐஎர்ன் நெடுங்காலமாக நடத்திவருகிறது. வெவ்வேறு நாட்டு வகுப்புகள் ஆறு, எட்டு சேர்ந்து ஒரு வட்டமாகச் சில மாதங்கள் இயங்கும். ஒவ்வொரு வகுப்பும் ஒரு தலைப்பை முன்வைக்கும்; மற்ற எல்லா வகுப்புகளும் அந்தத் தலைப்புக்குத் தங்கள் பங்கை எழுதி அனுப்பும். ஆறு வகுப்பு என்றால், நீங்கள் ஐந்து பேருக்குக் கொடுக்கிறீர்கள், ஐந்து பேரிடமிருந்து வாங்குகிறீர்கள். வந்தவற்றைத் தொகுத்து வெளியிடுவது தலைப்பை வைத்த வகுப்பின் பொறுப்பு. ஒவ்வொருவரும் ஒரு வேலைக்குத் தலைமை, மற்ற வேலைகளுக்குத் துணை. சம நிலையை இதைவிட நேர்த்தியாக அமைத்த வேறு முறையை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, ஐரோப்பிய ஆணையம் 2005இல் தொடங்கிய ஈ-ட்வின்னிங். இது அந்த வலையமைப்பில் சேர்ந்துள்ள நாடுகளின் பள்ளிகளுக்கு மட்டும். கூட்டாளி வகுப்பைத் தேட ஒரு தளம், ஒவ்வொரு திட்டத்துக்கும் வெளியாட்கள் நுழைய முடியாத ஒரு மூடிய இணைய அறை, முடிந்தபின் தர முத்திரை. அந்த முத்திரைக்கான அளவுகோல்களில் பள்ளிகளுக்கிடையிலான ஒத்துழைப்பும் ஒன்று. அருகருகே வைத்த இரண்டு படக்காட்சிகளுக்கு அங்கே நல்ல மதிப்பெண் கிடைக்காது.

சுருக்கமாக: பொதுத் தரவு, சுழலும் தலைமை, மூடிய கூட்டு அறை. வழி எதுவானாலும், கொடுப்பதும் வாங்குவதும் எல்லோருக்கும் உண்டு என்பதை அமைப்பே உறுதி செய்யவேண்டும்.

பிள்ளைகளின் விவரங்கள்

இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. பிள்ளைகளின் தகவல் குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரத்தை இணையச் சேவைகள் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிள்ளை தானே சம்மதம் தரும் வயது பொதுவாக 16; உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இரண்டு நாட்டு வகுப்புகள் சேரும்போது எது கடுமையானதோ அதையே இருவரும் பின்பற்றுவது நல்லது. முழுப்பெயர், வீட்டு முகவரி, தனிப்பட்ட தொலைபேசி எண் எதுவும் பரிமாறவேண்டிய தேவை எந்தத் திட்டத்திலும் வராது. முகம் தெரியும் படத்துக்குப் பதிலாகக் கைகளும் வேலையும் தெரியும் படம் போதும். பிள்ளைகள் தனித்தனிக் கணக்கில் எழுதுவதைவிடக் குழுவாக, ஆசிரியர் பார்க்கக்கூடிய ஒரே இடத்தில் எழுதட்டும்.

முதல் தடவை செய்பவருக்கு

முதல் திட்டம் சின்னதாக இருக்கட்டும்: ஒரே கேள்வி, நாலு முதல் ஆறு வாரம், முன்பே தீர்மானித்த முடிவுத் தேதி. மாணவர்கள் சந்திக்கும் முன் இரண்டு ஆசிரியர்களும் பேசித் தெளிய வேண்டிய விஷயங்கள் நிறைய. விடுமுறைகள், தேர்வு நாட்கள், எத்தனை பிள்ளைகள், என்ன வயது, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, பாடத்திட்டத்தில் இது எங்கே பொருந்துகிறது. பாடத்திட்டத்தோடு பொருந்தாத திட்டம், தேர்வு நெருங்கினால் முதலில் கைவிடப்படுவது என்பதை நினைவில் வையுங்கள்.

இதுபோன்ற திட்டங்கள் பாதியில் நிற்பதற்குச் சாதாரணக் காரணம் மௌனம். ஒரு பக்கத்திலிருந்து பதில் வராது. பிள்ளைகள் தினமும் வந்து கேட்பார்கள். இரண்டு வாரத்தில் உற்சாகம் வடிந்துவிடும். பெரும்பாலும் அந்தப் பக்கம் அலட்சியம் எதுவும் இருக்காது. தேர்வு, உடல்நலக்குறைவு, இணைப்புக் கோளாறு என்று ஏதாவது இருக்கும். இதற்கு ஓர் எளிய ஒப்பந்தம் உதவும்: அனுப்ப வேலை எதுவும் இல்லாவிட்டாலும் வாரத்தில் குறித்த ஒரு நாளில் "இந்த வாரம் முடியவில்லை, அடுத்த வாரம் அனுப்புகிறோம்" என்ற ஒரு வரியாவது இரண்டு ஆசிரியர்களும் அனுப்பிவிட வேண்டும். இரண்டே வகுப்புகளுக்குப் பதில் மூன்று, நான்கு வகுப்புகளைச் சேர்த்துக்கொண்டால் ஒருவர் தாமதித்தாலும் வேலை அடியோடு நிற்காது.

கூட்டாளி தேடி எழுதும் முதல் மடலில் "உங்கள் பள்ளியோடு இணைய விரும்புகிறோம்" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது கடினம். "எங்கள் மாணவர்களுக்கு 12 வயது. மார்ச் 21ஐ ஒட்டிய வாரத்தில் நண்பகல் நிழலை அளக்கப் போகிறோம். அட்சரேகையில் எங்களைவிட 8 பாகையாவது தெற்கில் இருக்கும் வகுப்பு ஒன்று தேவை. உங்கள் அளவு வராமல் எங்களால் கணக்கை முடிக்க முடியாது" என்று எழுதுங்கள். படிக்கும் ஆசிரியருக்கு என்ன செய்யவேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும், தன் வகுப்பு எதற்குத் தேவைப்படுகிறது என்பது நாலே வரியில் தெரிந்துவிடும்.